வாங்க என்று கேட்காத சம்பந்தி

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒருவரைத் திட்டலாம், வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு இழுக்கலாம், பத்து வருஷம் கழித்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் செய்யலாம். ஆனால் வாசலுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காமல் விட்டால் தீர்ந்தது கதை. வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்துத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டால் அது செல்லாது. ‘என்னைய வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க’ என்ற ஒரே குறைக்காக அண்ணனும் தம்பியும் வாசப்படி மிதிக்காத வீடுகள் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தால் கோபம் என்று சொல்ல மாட்டார்கள். ‘கொஞ்சம் வேலை இருக்குதுங்க, போயிட்டு வாரனுங்க’ என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, கை நனைக்காமல் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் அவரைச் சமாதானப்படுத்தப் பெரியவர்கள் தேங்காய் பழத் தட்டோடு போக வேண்டும். கடற்படையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியதில் இதை நான் மறந்து தொலைத்தேன்.

கார்கிலில் சண்டை நடந்த வருஷம். நான் அப்போது கொச்சிக் கடற்படைத் தளத்தில் கமோடோர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ‘இவன் கப்பலைக் கட்டிக்கிட்டவன்’ என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அக்காவுக்கு ஒரே பெண். எனக்கும் பெண் என்றால் அவள்தான். அவளுக்குச் சூலூர்ப் பக்கத்தில் சின்னதாக நூல் மில் வைத்திருந்த குடும்பத்தில் சம்பந்தம் கூடி வந்தது. ஆனி மாதம் முகூர்த்தம். அதற்கு முன்பு வைகாசியில், மாப்பிள்ளை வீட்டில் வைத்து உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டால் பெண் கொடுத்தது கொடுத்ததுதான். தாய்மாமன் இல்லாமல் அது நடக்காது. சண்டை நேரமாக இருந்தும் ஒரு நாள் விடுப்புக் கொடுத்தார்கள். காலையும் மாலையும் போன் செய்து கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை.

வேனில் போய் இறங்கினோம். வாசலில் மாப்பிள்ளையின் அப்பா, மில்காரர், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக நின்று ‘வாங்க, வாங்க’ என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் போன் செய்ய வேண்டிய நேரம் அது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத் தெரிந்தது. கூட்டம் உள்ளே போகட்டும், அதற்குள் பேசிவிட்டு வந்துவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் அங்கே போய்விட்டேன்.

கொச்சியில் எடுத்தவர் அதிகம் பேசவில்லை. ‘சார், உடனே வாருங்கள். எல்லாக் கப்பலும்’ என்றார். அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும். எங்கள் பொறுப்பிலிருந்த கப்பல்களைப் போருக்குத் தயாராக்கி, மேற்குக் கடலில் கூடுகிற படையோடு சேர்க்க வேண்டும். எப்போது கிளம்புகிறோம் என்பது மட்டுமல்ல, கிளம்புகிறோம் என்பதே வெளியே தெரியக்கூடாது.

திரும்பி வந்தபோது வாசலில் யாருமில்லை. உள்ளே எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாகிவிட்டது. நான் பாட்டுக்கு உள்ளே போனேன். என்னை யாரும் வாங்க என்று கேட்கவில்லை. சத்தியமாக எனக்கு அது உறைக்கவே இல்லை. என் மண்டைக்குள் எரிபொருளும் குண்டுகளும் குடிதண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தன. உப்பும் சர்க்கரையும் மாற்றி முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இலை போட ஆரம்பித்ததும் எழுந்தேன்.

“அவசர வேலைங்க. ஆபீஸ்ல கூப்பிடறாங்க. நான் கிளம்பறேனுங்க” என்றேன்.

இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“ஏன் மாப்ள, ஒரு போனுங்கூட வரலியே, ஆரு கூப்புட்டாங்க?”

“வேலை மச்சான்.”

“சண்டை மலையிலல்லோ நடக்குது? மலைச் சண்டைக்குக் கப்பல் எதுக்கு மாப்ள?”

நல்ல கேள்விதான். பதில் சொல்லத்தான் எனக்கு அனுமதியில்லை.  மில்காரர் பதறிப்போய் ஓடி வந்தார். “ஏனுங்க, ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டுப் போலாமுங்க. காரை எடுக்கச் சொல்றனுங்க” என்றார். அந்தச் சமயம் பார்த்து ரோட்டில் கோயமுத்தூர் பஸ் வந்து நின்றது. வேண்டாமுங்க என்று கையைக் காட்டிவிட்டு ஓடிப்போய் ஏறிவிட்டேன். சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல், அவர் காரையும் மறுத்துவிட்டு, டவுன் பஸ்ஸில் ஏறிப் போகிற தாய்மாமனை எங்கள் ஊர் அதற்கு முன் கண்டதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்தேன். முட்டாள்!

கொச்சிக்குப் போனதும் தலைக்கு மேல் வேலை. லாரி லாரியாகச் சாமான்கள் வந்தன. அரிசி, கோதுமை மாவு, மருந்து, இயந்திரங்களுக்கு உதிரி பாகங்கள். குண்டு ஏற்றும் துறை ஒரு பக்கம், எண்ணெய் ஏற்றும் துறை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கப்பல்களிலிருந்து எரியக்கூடியதையெல்லாம் கழற்றி இறக்கிக்கொண்டிருந்தோம். கப்பலில் குண்டு விழுந்தால் குண்டைவிடத் தீதான் அதிகம் பேரைக் கொல்லும். திரைச்சீலை, கம்பளம், சோபா, மர அலமாரி, உபரி மெத்தை எல்லாம் கரைக்குப் போக வேண்டும்.

“கேரம் போர்டு கூடவா சார்?” என்று ஒரு மாலுமி கேட்டான்.

“கேரம் போர்டு கூடத்தான். வேண்டுமானால் காயை மட்டும் வைத்துக்கொண்டு கோலி விளையாடு” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் எல்லோர் முகத்திலும் வீட்டு ஞாபகம் தெரிந்தது. ஒருவனுக்கு மனைவி நிறைமாதம். ஒருவனுக்குத் தங்கை கல்யாணம். வரிசையாக வந்து விடுப்புக் கேட்டார்கள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒரு காலையில் அதிகாரிகளைக் கூட்டி வைத்துப் பொரிந்து தள்ளினேன். “இனிமேல் குடும்பப் பேச்சு எதுவும் இந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எவனாவது வந்து நின்றால் தோலை உரித்துவிடுவேன்.”

அன்று மத்தியானமே கேட்டிலிருந்து போன். எடுத்த இளம் லெப்டினன்ட் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிய முகத்தோடு என்னைப் பார்த்தான். “சார், உங்களைப் பார்க்க இரண்டு பேர் வந்திருக்கிறார்களாம். கையில் தட்டு இருக்கிறதாம். தேங்காய், பழம், வெற்றிலை.”

எனக்குக் காது வரை சூடேறியது. மானம் கப்பலேறிவிட்டது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். என் மானம் கப்பல் வரைக்கும் வரவில்லை, கேட்டிலேயே நின்றது. அறையிலிருந்த அத்தனை பேரும் கவனமாகக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் நான் பேசிய பேச்சு அவர்கள் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஓடியிருக்கும்.

கேட்டை ஒட்டிய பார்வையாளர் அறையில் மச்சானும் மில்காரரும் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். பாலக்காடு வழியாகக் காரில் வந்திருக்கிறார்கள். வேட்டியெல்லாம் புழுதி. பக்கத்தில் பலகாரம் வைத்த ஒரு தூக்குப்போசி. என்னைக் கண்டதும் இருவரும் எழுந்தார்கள். மில்காரருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். துப்பாக்கியோடு நின்ற காவலாளி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“தப்பு எம்மேலதானுங்க” என்றார். “வாசல்ல நின்னுக்கிட்டே உங்களை வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம உட்டுப்போட்டனுங்க. வயசாச்சுங்க, கண்ணு மறைச்சுப்போச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அட கடவுளே!

“ஐயோ, அப்படியெல்லாம் ஒன்றுமில்லைங்க! துண்டை மேலே போடுங்க முதல்ல. நான் கோவிச்சுக்கவே இல்லைங்க. உண்மையிலேயே வேலைங்க.”

“வேலைன்னுதானுங்க சொல்லுவீங்க. பெரிய மனுசங்க வேற என்னங்க சொல்லுவாங்க?”

“இல்லைங்க, நிஜமாகவே வேலைங்க!”

“உங்க பெருந்தன்மைங்க அது” என்று அவர் இன்னும் குனிந்தார். நான் மறுக்க மறுக்க என் கோபம் அவர் கண்ணில் பெரிதாகிக்கொண்டே போனது. கேட்டுக்குள்ளே ஆயிரம் பேருக்கு உத்தரவு போடுகிறவன், இரண்டு வேட்டிக்காரர்களுக்கு முன்னால் ஒரு உண்மையை நம்ப வைக்க முடியாமல் வியர்த்துக் கொட்டி நின்றேன்.

மச்சான் குறுக்கே புகுந்தார். “இத பாரு மாப்ள. மாமன் மனசு கோணிப்போயிருக்கையில தாலி ஏறக்கூடாதுன்னு சொந்தபந்தம் ஒறம்பரையெல்லாம் பேசறாங்க. உங்கக்கா சோறு தண்ணி எறங்காம கெடக்கறா. ஆனி போச்சுன்னா ஆடி. அதுக்கு மேல தள்ளுனா இந்தச் சம்பந்தம் நிக்காது. புள்ள அழுதுக்கிட்டே இருக்குது. நீ முகூர்த்தத்துக்கு வாரேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

அந்த ஒரு வார்த்தைதான் என்னிடம் இல்லை. முகூர்த்தத்தன்று நான் நடுக்கடலில் இருப்பேன். வர முடியாது என்றால் கோபம் தீரவில்லை என்று அர்த்தம், கல்யாணம் நிற்கும். ஏன் வர முடியாது என்று சொன்னால் கப்பல்கள் கிளம்புவது வெளியே தெரிந்துபோகும். வருகிறேன் என்று பொய் சொல்ல, அந்தக் குனிந்த தலைக்கு முன்னால் நாக்கு எழவில்லை. பேசாமல் நின்றேன். என் மௌனத்துக்கு மச்சான் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது என்னைச் சைக்கிள் கம்பியில் உட்கார வைத்து ஓட்டிய மனிதர், முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் கேட்டைத் தாண்டி ஒரு லாரி மெதுவாக வெளியே போனது. மேலே சோபாக்கள், மெத்தைகள், சுருட்டிய கம்பளங்கள். மில்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, மெத்தையெல்லாம் புதுசாட்டமிருக்குது. எதுக்குங்க எறக்கறாங்க?”

“பழசுங்க. மாற்றுகிறோம்” என்றேன். பின்னாலேயே இன்னொரு லாரி வந்தது. அதிலும் அதேதான்.

அந்த லாரியும் தெருமுனையில் திரும்புகிறவரை அவர் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். “பஞ்சு பொல்லாததுங்க” என்றார் மெதுவாக. “மில்லுல எங்கியாச்சும் பொறி பறக்கும்னு தெரிஞ்சா மொதல்ல பஞ்சத்தானுங்க அப்புறப்படுத்துவோம்.” என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“வாங்க சம்பந்தி, கெளம்பலாம்” என்றார் மச்சானிடம். “அவருக்கு வேலை இருக்குதுங்க.”

மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. தூக்குப்போசியைத் திறந்து மில்காரர் வெல்லம் போட்டுச் சுட்ட ஒரு கச்சாயத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அதைத் தின்றுமுடிக்கும்வரை நின்றார். விக்கியது. தண்ணீரையும் அவரே எடுத்துக் கொடுத்தார். மிச்சத்தைக் கப்பலில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவருக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று எனக்கு நிச்சயமில்லை. தெரியாமலிருந்தால் நல்லது என்று அதிகாரியாக நினைத்தேன். தெரிந்திருக்க வேண்டும் என்று தாய்மாமனாக வேண்டிக்கொண்டேன்.

போசியோடு அலுவலகத்துக்குத் திரும்பினேன். காலையில் தோலை உரிப்பேன் என்ற வாயால் “ஊரிலிருந்து பலகாரம், எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். தங்கைக்குக் கல்யாணம் என்று விடுப்புக் கேட்ட மாலுமிக்கும் ஒன்று போனது. அவன் என்னை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

கப்பல்கள் கிளம்பின. நானும் போனேன். மலையில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் கடலில் காவல் நின்றோம். ஒரு குண்டும் சுடவில்லை. சண்டை முடிந்து, கப்பல்கள் திரும்பி, நான் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தபோது ஆவணி பிறந்திருந்தது. கடற்படையும் தயாராக நின்றது என்று பத்திரிகைகளில் அதற்குள் வந்துவிட்டது. யார் அதைப் படித்தார்கள்?

அக்கா கதவைத் திறந்தாள். வா என்று கேட்கவில்லை. தண்ணீர்ச் சொம்பைத் திண்ணையின் மேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பேசினாள்.

“கல்யாணம் நடந்துச்சு. உன்னால இல்ல, அந்த மனுசனால. மண்டபத்துல அத்தனை பேரும் தாய்மாமன் எங்கன்னு கேட்டாங்க. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயரலாமாட்ட இருந்துச்சு. அவரு எந்திரிச்சு நின்னு கையைக் கூப்புனாரு. ‘நாந்தானுங்க வாசல்ல வந்தவரை வாங்கன்னு கேக்கல, குத்தம் என்னோடது, அதுக்குப் புள்ளைய தண்டிக்காதீங்க’ன்னாரு. நீ உக்கார போட்ட பலகையில, உனக்குத் தலையில கட்ட வெச்சிருந்த உருமாலைத் துண்டை வெச்சாரு. அதுக்கு முன்னால குனிஞ்சு, ‘வாங்க, வாங்க’ன்னாரு. வெறும் பலகையைப் பாத்துடா! அப்பறந்தான் பெரியவங்கெல்லாம் சரின்னாங்க.”

 அன்றே சூலூருக்குப் போனேன். மில்காரர் தெரு வரைக்கும் இறங்கி வந்தார். “வாங்க, வாங்க, வாங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரியுமில்லைங்க? அன்றைக்குக் கேட்டிலேயே தெரிந்துவிட்டதில்லைங்க?” என்றேன்.

“மெத்தையைப் பாத்தப்பவே தெரிஞ்சுதுங்க.”

“அப்புறம் ஏனுங்க அத்தனை பேர் முன்னாலே பழியைத் தலையில் போட்டுக்கொண்டீர்கள்? மச்சானிடமாவது சொல்லியிருக்கலாமே.”

“நீங்களே சொல்லாததை நான் சொல்லலாமுங்களா? மண்டபத்துல ஆயிரம் வாய் இருக்குதுங்க. மாமனுக்குக் கோவம்னா பேச்சு நம்ம ஒறம்பரையோட நிக்கும். மாமன் கப்பலேறிப் போயிட்டாருன்னா அது எங்கெங்க போகுமோ.” சொல்லிவிட்டு உள்ளே திரும்பி இலை போடச் சொன்னார்.

சொந்தங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாமென்றார். ஆறிப்போனதைக் கிளறினால், ஏன் மறைத்தீர்கள் என்று மச்சான் அவரைக் கேட்பாராம், அதில் ஒரு சங்கடம் வருமாம். அவர் உயிரோடு இருக்கிறவரை இதைப் பேச மாட்டேன் என்று என்னிடம் வார்த்தை வாங்கிக்கொண்டார். அவர் வீட்டில் அன்று வயிறு முட்டச் சாப்பிட்டேன். எனக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் எங்கள் உறவு வட்டத்தில் அவருக்கு வேறு பெயர் இல்லை. வாங்கன்னு கேக்காத சம்பந்தி. விசேஷ வீடுகளில் யாராவது வாசலில் அசந்து நின்றால், ‘ஏம்பா, மில்காரராட்டம் உட்டுப்போடாதே’ என்று கிண்டல் செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

சில வருஷங்களில் அவர் காலமானார். இழவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கேட்கக்கூடாது என்பது வழக்கம். வாசலில் அவர் மகன் கையை மட்டும் நீட்டினான், துக்கம் கேட்கிற முறையில் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர் என் காதருகே குனிந்து, “இவருதானுங்களே உங்களை வாங்கன்னு கேக்காம உட்டவரு? இன்னைக்கு ஆருமே கேக்கறதில்ல பாருங்க” என்றார். தமாஷ் அவருக்கு.

எழுந்து நின்றேன். கப்பலில் பேசுகிற குரலில் பேசினேன். அவர் என்னை அவமதிக்கவே இல்லை என்றேன். எனக்குக் கோபம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்றேன். அன்று கப்பல்கள் போருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன, அதை வெளியே விடாமல் காக்கத்தான் இந்த மனிதர் ஊர் முன்னால் தலை குனிந்தார் என்றேன்.  மச்சானும் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

 மச்சான் என் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். சுற்றியிருந்தவர்கள் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு பெரியவர் அடுத்தவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது.

“பாத்தீங்களா? அத்தனை கோவம் இருந்தும், செத்தவரை உட்டுக்குடுக்காம பேசறாரு. பெரிய மனுசருங்க.”